தெருவை விட்டு வந்த பலகை

சென்ற மாதம், என்னிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தவிடத்து என் இல்லத்துக்கும் வந்திருந்தார். ஆசிரியரைப் பார்க்க வெறுங்கையுடன் வருதல் முறையன்று என எண்ணினார் போலும். தாளிற் சுற்றிய பொதியொன்றை என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். கேடய வடிவில் அமைந்த வெண்ணிறத் தகடு ஒன்று இருந்தது. அதன் மேற்புறத்தில் அமெரிக்க மாநிலமொன்றின் பெயரும், கீழே இரண்டு ஆறுகளும் கறுப்பு நிறத்திற் புடைத்து நின்றன. விளிம்பெல்லாம் துரு. ஒரு மூலையிலே துப்பாக்கிக் குண்டு துளைத்தது போன்ற ஓட்டை.

"சேர், இது 66 ஆம் இலக்கப் பெருந்தெருவின் பலகை. உங்கள் வாசிப்பறைச் சுவருக்கு நன்றாயிருக்கும்" என்றார் மாணவர்.

பக்கத்தில் நின்ற என் பேத்தி தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, இது உண்மையாகவே தெருவில் நின்றதோ?" எனக் கேட்டாள். மாணவர் சிரித்தார். "இல்லைப் பிள்ளை, இது போன வருஷம் செய்தது. துருவும் ஓட்டையும் செய்தவர்களே போட்டவை" என்றார். "அப்படியென்றால் புதுப் பலகையை ஏன் துருப்பிடிக்க வைத்தவை?" என்றாள் அவள். ஆசிரியராக நாற்பது ஆண்டு கழித்த எனக்கும், பொறியியல் கற்ற என் மாணவருக்கும் அந்த வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பழைய பெருந்தெருப் பலகைகளின் பிரதிகளைச் செய்து விற்றல் அமெரிக்காவிலே இன்று ஒரு தனி வாணிகமாகும். சேகரிப்போர் வாங்குகின்றனர், வீட்டை அலங்கரிப்போர் வாங்குகின்றனர், உணவுச்சாலையினரும் தம் சுவர்களுக்கு வாங்குகின்றனர். தகரப் பலகையைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என வாசகர் வினவலாம். மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள உறவு, நினைவுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு ஆகிய இரண்டும் ஏட்டிலும் பாட்டிலும் மட்டும் எழும் பிரச்சினைகளல்ல. சுவரில் மாட்டும் தகட்டிலும் அவை எழுகின்றன. அதனாலேயே இதனை இங்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில், அப்பலகை பிறந்த கதையைக் கூறவேண்டும். 1920களின் முற்பகுதிவரை அமெரிக்காவின் நெடுந்தெருக்களுக்கு நாடு தழுவிய பொது இலக்கங்கள் இருக்கவில்லை, பெரும்பாலும் பெயர்களே இருந்தன. ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சங்கம். தத்தம் தெருவை அறிவிக்க மின்கம்பங்களிலும் தந்திக் கம்பங்களிலும் நிறப் பட்டைகளைத் தீட்டிச் செல்வர். லிங்கன் பெருந்தெருவுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் மூன்று பட்டைகள். இப்படிப் பெயர்கொண்ட தெருக்கள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டன. ஒரே கம்பத்திற் பல பட்டைகள் ஏறிநின்றபோது வழிகாட்ட வந்த குறி வழிமயக்கும் குறியாயிற்று. ஆகவே 1925 இல் மத்திய அரசும் மாநிலங்களும் கூட்டுச் சபையொன்றை அமைத்து, நாடு முழுவதுக்கும் ஒரே இலக்க முறையையும் ஒரே பலகை வடிவையும் வகுத்தன. அரசச் சின்னத்திற் காணப்படும் கேடயமே பலகையின் வடிவாயிற்று. 1926 நவம்பரில் இம்முறை இறுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இன்று உலகெங்கும் அறியப்பட்ட 66 என்னும் இலக்கம், ஒரு பிணக்கிலே பிறந்தது. சிக்காகோவிலிருந்து கலிபோர்னியா செல்லும் தெருவுக்கு 60 என்னும் இலக்கத்தையே ஒக்லஹோமாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி விரும்பினார். கென்டக்கி மாநிலத்தார் அவ்விலக்கம் தம் மாநிலத்தூடு செல்லும் தெருவுக்கே உரியதென வாதாடினர். இறுதியில், 1926 ஏப்ரிலில், எவருக்கும் ஒதுக்கப்படாது கிடந்த 66 ஐ ஏவரியும் அவருடன் நின்றோரும் ஏற்றுக்கொண்டனர். வேண்டாவெறுப்பாய்ப் பெற்ற இலக்கம் எட்டு மாநிலங்களூடாக ஏறத்தாழ 2,400 மைல் ஓடிற்று. 1946 இல் ஒரு பாட்டிலும், 1960 முதல் 1964 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் ஏறிப் புகழ்பெற்றது. பின்னர் புதிய விரைவுச் சாலைகள் அதன் பக்கமாக எழுந்தன. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1985 ஜூனில் அவ்விலக்கமே நெடுந்தெருப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தெரு இறந்தபின் அதன் பலகைக்கு உயிர் வந்தது எனலாம்.

அக்காலப் பலகைகள் பெரும்பாலும் உருக்குத் தகட்டிலே செய்யப்பட்டன. கேடயமாக வெட்டிய தகட்டை அச்சிலிட்டு அழுத்த, எழுத்தும் இலக்கமும் விளிம்பும் மேலெழுந்து நிற்கும். முழுவதற்கும் வெள்ளை தீட்டியபின், புடைத்த பகுதிகளின் மேல் உருளையைச் செலுத்திக் கறுப்பு நிறம் பூசுவர். நிறம் மங்கினால் மீண்டும் பூசுதல் எளிது. எழுத்துத் தெரிந்த ஓவியர் வேண்டியதில்லை. கலிபோர்னியாவிலே மோட்டார் வண்டிச் சங்கங்கள் நெடுங்காலம் நாட்டிய பலகைகள் எனாமற் பூச்சுடையவை. கண்ணாடித் துகளை உருக்கின் மேலிட்டுச் சூளையில் உருக்கி ஒட்டவைப்பதே அப்பூச்சு. அது வெயிலுக்கு மங்காது. ஆயினும் கல்லோ குண்டோ பட்ட இடத்திற் சில்லாக உதிரும். உதிர்ந்த இடத்திலிருந்து துரு பரவும். இரவில் ஒளிரும் பொருட்டு எழுத்துக்களிலே சிறு கண்ணாடிக் குமிழ்களைப் பதித்த பலகைகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தேவை பற்றி வந்தது. அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

நிற்க. இப்பலகைகளின் பிரதிகளை நான் குறைகூறப் போகின்றேன் என்று சிலர் எண்ணக்கூடும். முதலில் அவற்றுக்காகப் பரிந்து பேசுவதே நீதியாகும்; ஏனெனிற் பிரதியை வாங்காதவன் சில வேளைகளில் மூலத்தைத் திருடுகின்றான்.

அமெரிக்காவில் 666 என்னும் இலக்கமுடைய தெரு ஒன்று இருந்தது. கிறித்தவ வேதத்திலே தீமையின் இலக்கமாகக் கூறப்பட்டதாகலின், அப்பலகைகளைக் கழற்றிச் செல்வோர் பெருகினர். நாட்ட நாட்டக் களவு போயின. 2003 இல் அத்தெருவுக்கு 491 எனப் புதிய இலக்கம் இடப்பட்டது. கொலராடோ மாநிலத்தில் 420 ஆம் மைலைக் காட்டிய பலகையும், அவ்விலக்கம் கஞ்சாப் பிரியர்களின் குழூஉக்குறியாக இருந்தமையால், ஓயாது களவு போயிற்று. அதிகாரிகள் இறுதியில் 419.99 என எழுதி நாட்டினர். இவை நகைப்பை விளைவிக்கும் செய்திகள். ஆயின், எல்லாம் நகைப்போடு முடிவதில்லை.

"நில்" எனப் பணிக்கும் எண்கோணப் பலகையை அறியாதார் இல்லை. முதலாவது நில் பலகை 1915 இல் டெட்ரோயிற் நகரிலே நாட்டப்பட்டதாகக் கூறுவர். 1923 இல் அமெரிக்கத் தெருப் பொறியியலாளர் சிலர் கூடி, ஆபத்து மிகுமளவுக்குப் பலகையின் பக்கங்களும் மிகுதல் வேண்டும் என்றொரு விதியை வகுத்தனர். எல்லையற்ற பக்கங்களுடையதாகக் கருதப்பட்ட வட்டம் புகையிரதக் கடவைக்கு; எண்கோணம் நிற்கவேண்டிய சந்திக்கு. எழுத்தைப் படிக்கமுன் வடிவத்தைக் கண்டே வண்டியோட்டி எச்சரிக்கை அடைதல் வேண்டும் என்பது கருத்து. 1924 இல் மஞ்சள் நிறத்தின்மேற் கறுப்பு எழுத்து என்பது வழக்காயிற்று. வெளியிற் கிடந்து மங்காத சிவப்புப் பூச்சுக் கிடைத்தபின், 1954 இல், சிவப்பின்மேல் வெள்ளை எழுத்து நாடு முழுவதுக்கும் விதியாயிற்று. ஆதலால் மஞ்சள் எண்கோணம் இன்று சேகரிப்போர் பெரிதும் விரும்பும் பொருள். ஒரு தகட்டின் வடிவிலும் நிறத்திலும் இத்தனை சிந்தனை அடங்கியிருப்பதை நாம் நினைப்பதில்லை.

அத்தகட்டை இடத்திலிருந்து அகற்றினால் நேர்வது யாது? 1996 பெப்ரவரியில், புளோரிடா மாநிலத்தில், தம்பா நகரை அடுத்த நாட்டுப்புறச் சந்தியொன்றிலே நில் பலகை வீழ்த்தப்பட்டுக் கிடந்தது. அதனை அறியாது சந்தியினுட் புகுந்த மோட்டார் வண்டியைப் பாரவண்டியொன்று மோதிற்று. வண்டியிலிருந்த மூன்று இளைஞர் மாண்டனர்; மூவருக்கும் வயது பதினெட்டு. பலகைகளைக் கழற்றித் திரிந்த வேறு மூன்று இளையோர் கைதாயினர். 1997 இல் அவர்கள் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். வேறு பலகைகளைக் கழற்றியதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். அந்தப் பலகையைத் தாம் தொடவில்லை என இறுதிவரை மறுத்தனர். 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. அதனை வீழ்த்திய கை எதுவாயினும், இறந்தோர் மீளவில்லை. இளமைக் குறும்பென உலகம் மன்னிக்கும் செயலொன்றின் நிழலிலே இரு திறத்து இளையோர் வாழ்வும் அழிந்தமையை எண்ண நெஞ்சம் கனக்கின்றது.

ஆகவே, சுவருக்கு ஒரு பலகை வேண்டுமென்னும் ஆசை உள்ளவனுக்குப் பிரதி ஒன்று கிடைத்தல் நன்மையே. அது ஒருவன் வழியையும் மறைப்பதில்லை. 66 ஆம் தெருவின் பழைய பகுதிகள் சிலவற்றில், பலகைகள் களவு போவதைத் தாங்கமாட்டாது, கேடய உருவைத் தெருவின் மேற்பரப்பிலேயே தீட்டிவிட்டனர். பெயர்த்தெடுக்க இயலாத பலகை அது. அத்தகைய நாட்டிலே, நேர்மையாகச் செய்து நேர்மையாக விற்கப்படும் பிரதியைப் போலி என இகழ்தல் தகாது.

பிரதி என்னுஞ் சொல்லும் நமக்கு இழிசொல்லன்று. கறையானுக்கும் காலத்துக்கும் தப்பி நம் நூல்கள் வந்து சேர்ந்தது பிரதிகளின் வழியாகவே. ஏடு சிதையுமுன் இன்னொருவன் இருந்து பெயர்த்தெழுதினான். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் பழைய நூல்களைப் பதிப்பிக்கக் கையிலெடுத்தவை யாவும் பிரதியின் பிரதிகளே. ஆயின், ஏடெழுதியோர் பலர் ஒரு நல்வழக்கத்தைக் கைக்கொண்டனர். எழுதி முடிந்த இடத்திலே இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது எனக் குறித்து வைத்தனர். தம் ஏட்டைத் தொன்மையுடையதாகக் காட்ட அவர்கள் அதற்குப் புகையூட்டவில்லை. அக்குறிப்பே பிரதியை மதிப்புடையதாக்கியது.

என் சுவருக்கு வந்த பலகையில் அக்குறிப்பு இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்புறம் வெறுமையாக இருந்தது. முன்புறத்திலோ செயற்கைத் துரு. மெய்யான துருவுக்கு ஒரு காரணம் உண்டு. ஆணி இறுக்கிய துளையைச் சுற்றி நீர் தங்கும். பூச்சு உதிர்ந்த இடத்திற் காற்றுப் படும். அங்கிருந்தே துரு தொடங்கும். இப்பலகையிலோ, ஆணித்துளைகள் புத்தம் புதியனவாய்ப் பளபளக்க, ஒருபோதும் நீர் தங்காத மேல்விளிம்பு அழகாகத் துருப்பிடித்திருந்தது. அமிலத்தையோ உப்புநீரையோ தெளித்து இதனைச் செய்வார்களாம். குண்டுத் துளைக்கும் இதே கதைதான். அமெரிக்க நாட்டுப்புறத்திலே பலகைகளைக் குறிவைத்துச் சுடும் கெட்ட வழக்கம் உண்டு. ஒருவனுடைய பொறுப்பின்மை இட்ட வடு இன்னொருவனுக்கு அலங்காரமாகியுள்ளது.

வீட்டுக்குரியவர் அறிந்து வாங்கி மாட்டும்வரை இதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆனாற் பொருள் கைமாறும். வாங்கியவர் அறிந்ததை அவர் மக்கள் அறியார். ஒரு தலைமுறை கழியச் செயற்கைத் துருவின்மேல் மெய்த்துருவும் ஏறும். பின்னர் அது மூலமென ஏலத்துக்கு வரும். கேடயத்தில் மாநிலப் பெயர் இருப்பது பழைமைக்கு அடையாளமென ஒருவர் கூறுவார். 1961 இன் பின் பெரும்பாலான மாநிலங்களில் அப்பெயர் நீக்கப்பட்டதாகலின் அது உண்மையே. ஆயின், அதே காரணத்தாற் பிரதி செய்வோரும் மாநிலப் பெயரைத் தவறாது பொறிக்கின்றனர். இங்ஙனம் அறிஞர் கண்டறிந்த ஒவ்வோர் அடையாளமும் நாளடைவில் ஏமாற்றுவோருக்கு உதவியாகிவிடுகின்றது.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. செயற்கைத் துரு பழைமையின் தோற்றத்தைத் தருகின்றது. பழைமையின் வரலாற்றைத் தருவதில்லை. 66 ஆம் தெரு இன்பச் சுற்றுலாவின் தெருவாக மட்டும் இருந்ததில்லை. 1930களிலே புழுதிப் புயலாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் நிலமிழந்த உழவர் குடும்பங்கள், கட்டிலும் சட்டியும் ஏற்றிய பழைய வண்டிகளிலே மேற்கு நோக்கிச் சென்றது அத்தெருவிலேதான். ஜோன் ஸ்ரைன்பெக் 1939 இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' என்னும் நாவலிலே அத்தெருவை அன்னையாக்கி அழைத்தார். அந்த அன்னையின் மடியில் வந்தோரை வரவேற்றது யாது? 1936 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் நூற்றுக்கு மேற்பட்ட காவலரை மாநில எல்லைகளுக்கு அனுப்பிக் கையிற் காசில்லாதோரைத் திருப்பிவிடச் செய்தார். இலக்கப் பலகை மேற்கே வருக என்றது. காவலன் திரும்பிப் போ என்றான்.

கறுப்பின மக்களுக்கு அத்தெரு இன்னுங் கொடியதாக இருந்தது. கதிரவன் மறையுமுன் ஊரை விட்டு அகலுமாறு அவர்களை எச்சரிக்கும் பலகைகள் அமெரிக்க ஊர்கள் பலவற்றின் எல்லையிலே நின்றன. அவையும் தெருப் பலகைகளே. எந்த விடுதியில் இடங் கிடைக்கும், எந்த நிலையத்தில் எண்ணெய் கிடைக்கும் என அறியாது பயணஞ் செய்தல் உயிராபத்தாக இருந்தமையால், நியூயோர்க் ஹாலெத்தில் வாழ்ந்த தபாற்காரர் விக்ரர் ஹியூகோ கிறீன் என்பார் 1936 இலே வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். அது 1960களின் நடுப்பகுதிவரை வெளிவந்தது. கேடயப் பலகையை நம்பிப் பயணஞ் செய்ய இயலாத மக்களுக்கு அந்நூலே பலகையாயிற்று.

அந்தக் கொடிய பலகைகளுக்கும் பிரதிகள் செய்து விற்போர் உளர். வீட்டுச் சுவருக்கு அவை ஒருபோதும் தகா. எனினும் அவை மறக்கப்படவும் கூடாது. மிச்சிகன் மாநிலத்திலே பெரிஸ் அரச பல்கலைக்கழகத்தில், நிறப்பாகுபாட்டுக் காலப் பொருட்களைத் திரட்டி விளக்கத்தோடு வைத்துக் கற்பிக்கும் அரும்பொருட்சாலை ஒன்று உண்டு. தகட்டுக்குப் பக்கத்திலே விளக்கம் இருப்பின் அது பாடம். விளக்கமற்றவிடத்து அது பழைய இழிவின் மறுபதிப்பு. கேடயப் பலகைக்கும் இவ்வுண்மை ஓரளவு பொருந்தும்.

ஆகவே, என் கருத்தை மூன்று வேண்டுகோள்களாகச் சுருக்கிக் கூறுவேன். பிரதி செய்வோர் தம் பெயரையும் செய்த ஆண்டையும் அழியாதவாறு பின்புறத்திற் பொறித்தல் வேண்டும். செயற்கைத் துருவைத் தவிர்ப்பின் இன்னும் நன்று. பலகை தெருவில் முதன்முதல் நாட்டப்பட்ட நாளில் எப்படிப் பளிச்சென்று இருந்ததோ அப்படியே செய்யட்டும். அதுவே மெய்யான பிரதி. வாங்குவோர், இது எந்தத் தெருவின் பலகை, எக்காலத்தது, அவ்வழியே யார் யார் சென்றனர் எனக் கேட்டறிந்து வாங்குதல் வேண்டும். மூலப் பலகைகள் தெருவிலாயினும் அரும்பொருட்சாலையிலாயினும் தத்தமக்குரிய இடத்திலே நிற்றல் வேண்டும். எத்துணை அழகுடையதாயினும் களவாடிய பலகைக்குச் சுவரில் இடமில்லை.

பேத்தியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம் என நினைக்கின்றேன். கழிந்த காலத்தின் மீது மனிதருக்கு ஆசை உண்டு. அக்காலத்தைக் கற்றறியும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. பொறுமையின் இடத்தைத் துருவினால் நிரப்ப முயல்கின்றனர். அதனாலேயே புதுப் பலகையைத் துருப்பிடிக்க வைத்தனர்.

மாணவர் அன்போடு தந்த பொருளை நான் ஒதுக்கிவிடவில்லை. அதனை வாசிப்பறைச் சுவரிலே மாட்டியுள்ளேன். மாட்டுமுன், பின்புறத்திலே அழியாத மையினால் அது பிரதி என்பதையும், செய்த ஆண்டையும், தந்தவர் பெயரையும் எழுதினேன். அதன் கீழே, 1926 முதல் 1985 வரை அத்தெருவின் கதையைப் பத்து வரிகளில் எழுதினாள் என் பேத்தி. பலகையைப் பார்த்து வியப்போர் எவராயினும் அவர்களுக்கு அதைத் திருப்பிக் காட்டும் பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொண்டிருக்கின்றாள்.